டோமினிக்கின் ஒரு மணி நேரப் பேச்சு

சகாயசெல்வி திண்டிவனத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியை. 2012இல் தபால் வழியில் எம்.ஏ. மொழியியல் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் விழுப்புரத்தில். அங்கே பக்கத்தில் உட்கார்ந்தவள் வெனிலா. பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். கூட்டமில்லாத நேரத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர்களின் வகுப்புகளை நெட்டில் சும்மாவே பார்ப்பாள்.

தபாலில் வந்த புத்தகத்தை நான்கு முறை படித்தும் சகாயசெல்விக்கு ஒலியன் என்றால் என்னவென்று பிடிபடவில்லை.

“பல்லி, பள்ளி. ஒரு சத்தம் மாறுனா அர்த்தமே மாறுதுல்ல அக்கா, அவ்ளோதான்” என்றாள் வெனிலா.

உடனே புரிந்தது. இவள் சொல்லிப் புரிந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் ஆண்டில், யாராவது ஒருவரின் இயல்பான பேச்சை ஒரு மணி நேரம் பதிவுசெய்து ஆராய்ந்து கொடுக்கச் சொன்னார்கள். சகாயசெல்வி தன் தலைமையாசிரியரைப் பிடித்தாள். வெனிலா, “டோமினிக் அண்ணன எடுத்துக்கட்டுமா அக்கா?” என்று கேட்டாள்.

டோமினிக் சகாயசெல்வியின் கணவன். மினி லாரியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, லோடு அடிப்பவன்.

“அவரா? சேந்தாப்புல நாலு வார்த்த பேசமாட்டாரு. எடுத்துக்க.”

வெனிலா வீட்டுக்கு வந்து செல்போனை ஸ்டூலில் வைத்தாள். சகாயசெல்வி அடுப்படியில் டீ போட்டாள். கூடத்தில் டோமினிக் பேசிக்கொண்டே இருந்தான். இரண்டாவது டீயும் போட்டாள். அப்போதும் பேசிக்கொண்டிருந்தான். நடுநடுவே வெனிலாவின் சிரிப்பு.

அடுத்த வாரம் வெனிலா பூரித்துப்போய் வந்தாள். “நெட்ல மொழியியல் படிக்கிறவங்க குரூப்பு ஒண்ணுல போட்டேன் அக்கா. பதினோரு பேரு பதில் எழுதியிருக்காங்க. பிரேசில்ல ஒருத்தர் அண்ணனோட ‘கினு’வ பத்தி மட்டும் மூணு கேள்வி கேட்டிருக்காரு!”

எட்டு வருஷமாக அந்தக் ‘கினு’வைத்தான் சகாயசெல்வி வீட்டில் ‘கொண்டு’ என்று திருத்திக்கொண்டிருந்தாள்.

கட்டுரை வாங்கும் ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை திறக்காது; கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று வெனிலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சகாயசெல்வி தன்னுடையதை ஏற்கெனவே கொடுத்துவிட்டாலும், அன்று அவளுக்கு விழுப்புரத்தில் ஆசிரியர் பயிற்சி இருந்தது. கட்டுரையையும் பதிவு இருந்த பென் டிரைவையும் வெனிலா ஒப்படைக்கச் சொல்லி முந்தின ஞாயிறே அவளிடம் கொடுத்திருந்தாள்.

வியாழக்கிழமை பள்ளிக் கம்ப்யூட்டரில் ஹெட்போன் மாட்டி டோமினிக்கின் பேச்சைக் கேட்டாள் சகாயசெல்வி.

“விக்கிரவாண்டிகிட்ட வந்துக்கினு இருக்கேன். பஸ்ஸுக்காரன் குறுக்க வுட்டுட்டான். ஒரு முழம்தான் கேப்பு. வண்டிய ஓரங்கட்டிட்டு அரைமணி நேரம் குந்திக்கினே இருந்தேன். சாவி புடிக்க முடியல. போன பொங்கலுக்கு முன்ன. வூட்ல சொல்லல.”

சகாயசெல்வி ஹெட்போனைக் கழற்றினாள். பிறகு மாட்டி, அதே இடத்தை மறுபடி கேட்டாள். வெனிலா, “ஐயோ அண்ணே” என்கிற இடம் வரைக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை படிப்பு மையத்து வாசலைத் தாண்டி நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். பென் டிரைவ் கைப்பையிலேயே இருந்தது. ஏழு மணிக்கு வெனிலாவுக்குப் போன் செய்து, “மறந்துட்டேன்மா” என்றாள்.

“பரவால்ல அக்கா. நெட்ல ஒரு காப்பி ஏத்தி வச்சிருக்கேன். சார்கிட்ட சொல்லி நாளைக்கே குடுத்துடறேன். உங்களுக்கு என்ன டென்ஷனோ.”

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சகாயசெல்விக்கு.

டோமினிக் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள். “விக்கிரவாண்டில நடந்தத ஏன் எங்கிட்ட சொல்லல?”

அவன் தட்டைப் பார்த்தபடியே இருந்தான். “நான் வாயத் தொறந்தா நீ வார்த்தையத்தான பாப்ப.”

“இப்ப சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

“வந்துக்கினு இருந்தேன்...” என்று ஆரம்பித்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். “பஸ்ஸுக்காரன் குறுக்க வந்துட்டான். அதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, வந்துட்டேன்.” சோற்றைப் பிசைந்தான். “அந்தப் பொண்ணுகிட்ட நல்லா சொன்னேன். இப்ப வரல செல்வி.”

ரசம் கேட்டான். ஊற்றினாள்.