நூற்றிருபது சுற்று

அந்தமானில், ஹேடோவில் ஐந்து மணிக்கே வெளுத்துவிடும். அதற்கு முன்பே முதலாளி கிருஷ்ணமூர்த்தியின் பட்டறையில் எண்ணெயும் இரும்புத்தூளுமாக நிற்போம். டீசல் இஞ்சின் உறுமி, மேலே பெல்ட்டுகள் ஓடத் தொடங்கியதும் என் கண் பெரிய லேத்துக்குப் போகும். பத்து நாளுக்கு முன் அதில்தான் எங்களோடு வேலை செய்த சண்முகம் செத்தான். கப்பலுக்கான பன்னிரண்டு அங்குல வளையத்தைக் கடையும்போது உளி உடைந்து தெறித்துக் கழுத்தில் பாய்ந்தது.

அந்த லேத்தில் வேகத்தை மாற்றும் படிக்கப்பியில் பெல்ட் எப்போதும் இரண்டாம் படியில்தான் கிடக்கும். மூன்று அங்குலத் தண்டானாலும் பன்னிரண்டு அங்குல வளையமானாலும் அதே வேகம்தான். மாற்றினால் நேரம் போச்சு என்று முதலாளி கத்துவார். அன்று சண்முகம் மாற்றத்தான் போனான். "விடுடா, வழக்கமா ஓடுறதுதானே" என்று தடுத்த பாவி நான்.

பிறகு அந்த வளையத்தை யார் தொட்டாலும் லேத் வீறிட்டது. சண்முகம் போகவில்லை, உள்ளேயிருந்து கத்துகிறான் என்றார்கள். நானும் நம்பினேன். முதலாளிக்கு அது வெல்லமாக இருந்தது. எலுமிச்சம்பழத்தை அவரே வாங்கிவந்து கட்டினார், எங்களில் மூத்தவரான நூர்முகம்மதுவிடம் தாயத்துக்கும் சொன்னார். பேய் செய்த கொலைக்கு யாரைப் பிடித்துக் கேட்பது?

போன கப்பலில் மெட்ராஸிலிருந்து வந்த குழந்தைவேலுதான் தரையில் சாக்கட்டியால் கணக்குப் போட்டான். எதைக் கடைந்தாலும் நிமிடத்துக்கு அதே நூற்றிருபது சுற்று. விட்டம் நான்கு மடங்கு என்றால் உளிமுனையில் இரும்பு ஓடும் வேகமும் நான்கு மடங்கு. நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு அடி தாங்கும் உளியில் முந்நூற்றெழுபதுக்கு மேல் ஓட்டியிருக்கிறோம். முப்பது சுற்றில் ஓட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

அன்றே முதலாளி வளையத்தின் மிச்சத்தைக் கடைய என்னை லேத்தில் நிறுத்தினார். கணக்கைக் காட்டினோம். எலுமிச்சம்பழம் கட்டும்போது சிரித்த முதலாளியின் முகம் கறுத்தது.

"பஸ் கரோ, போதும். கவனமில்லாம செத்தான், சர்க்காருக்கு ரிப்போர்ட்டும் அப்படித்தான் போயிருக்கு. நாளைக்கு வளையத்தை மாட்டி ஜஹாஜ் கெளம்பணும், ஓட்டு பழனிசாமி."

"முப்பது சுத்துல ஓட்டுறேன் முதலாளி. ரிப்போர்ட்டை மாத்துங்க."

"மெயின்லேண்டுல ஆளா கெடைக்காது?"

"கூட்டிட்டு வாங்க," என்றார் நூர்முகம்மது. "அவங்களுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லுவோம்."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. பெல்ட்டை மாற்றப் போனவனைத் தடுத்தது நான்தான், எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன் என்று அழுதேன்.

நூர்முகம்மது என் தோளைப் பிடித்தார். "நீ மட்டுமா தம்பி? நாங்க எல்லாரும் அப்படித்தானே ஓட்டினோம்."

எங்களோடு நின்ற இராமகிருஷ்ணன் போய் இஞ்சினை நிறுத்தினான். பெல்ட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி கப்பலை நினைத்து ஜஹாஜ், ஜஹாஜ் என்று கத்திக்கொண்டிருந்தார். சண்முகம் கவனமில்லாமல் சாகவில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் இஞ்சின் ஓடும் என்றோம்.