வாசனை வந்ததும் வெட்ட வேண்டிய பழம்

மூக்கு மாஸ்டர் என்றால் அந்த நாலு மாடிக் குடியிருப்பில் தெரியாதவர் கிடையாது. பெரிய ஓட்டலில் தலைமைச் சமையல்காரர். மூன்றாம் மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குப் படியேறிப் போகிற போக்கில், "டீச்சர், உங்க வீட்டுப் பால் இன்னும் ஒரு மணி நேரம் தாங்காது" என்று இரண்டாம் மாடியில் சொல்லிவிட்டுப் போவார். ஒரு மணி நேரத்தில் பால் திரிந்திருக்கும். மூக்கும் அதற்கேற்ற அளவு. பார்த்தாலே ஒரு மரியாதை வரும்.

அந்த மூக்கு இரண்டு மாதமாக வெறும் அலங்காரம். இந்த விஷயம் அவருக்கும், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். கட்டிய மனைவிக்குக்கூடத் தெரியாது. காய்ச்சல் மூன்றே நாளில் போய்விட்டது. போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. "ஒரு வாரத்துலயும் வரலாம், ஒரு வருஷமும் ஆகலாம்" என்றார் டாக்டர், பஸ் நேரம் சொல்பவர் மாதிரி.

ஓட்டலில் எப்படிச் சமாளித்தார் என்று கேட்கிறீர்களா? அதில் ஆள் கெட்டிக்காரர். உப்பு, புளிப்பு, இனிப்பெல்லாம் நாக்குக்குத் தெரிந்தது. மற்றதற்கு உதவிச் சமையல்காரி இருந்தாள். கரண்டியை அவள் பக்கம் நீட்டி, பரீட்சை வைப்பவர் போலப் புருவத்தைத் தூக்கி, "என்ன குறையுது, சொல்லு பார்ப்போம்" என்பார். அவள் சொல்வாள். "ம். அதேதான் நானும் நெனச்சேன்." மாஸ்டர் நமக்குத் தொழில் சொல்லித் தருகிறார் என்று அவள் உருகிப் போனாள். அவருக்கோ வேலை முடிந்து செருப்பை மாட்டும்போதுதான் மூச்சு வரும். நாளைக்கு என்ன செய்வது என்று நினைத்ததும் அந்த மூச்சும் நின்றுவிடும்.

இந்த லட்சணத்தில் முதலாளியம்மா இரண்டு வேலை கொடுத்தார். ஓட்டலின் பத்தாம் ஆண்டு மலருக்கு, 'ஒரு சமையல்காரரின் சின்னச் சின்னச் சந்தோஷங்கள்' என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அது ஒன்று. இன்னொன்று, கப்பலில் வந்த ஒரு டுரியான் பழம். கைக்குழந்தை கனம், உடம்பெல்லாம் முள். வெள்ளிக்கிழமை விருந்துக்கு அதில் ஓர் இனிப்பு செய்ய வேண்டும்.

"வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க மாஸ்டர். பழுத்தா வாசனை வரும். வந்ததும் வெட்டிடணும், விட்டா வீணாப்போயிடும். உங்க மூக்குக்கு நான் சொல்லணுமா?"

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்மா" என்றார் மாஸ்டர்.

புதன்கிழமை அவருக்கு விடுமுறை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி நாலு மணிக்குத்தான் வருவாள். பழத்தைச் சமையலறை ஜன்னல் திட்டில், நாலு மாடிக்கும் பொதுவான காற்றுச்சந்தின் பக்கமாக வைத்தார். காற்றோட்டமாக இருக்கட்டுமாம்! அவருடைய திட்டம் இதுதான்: மனைவி உள்ளே வந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பது. முகம் சுளித்தால் பழம் தயார். சும்மா இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம்.

அதுவரை எழுதலாமென்று உட்கார்ந்தார். காபி டப்பாவின் மூடியைத் திறக்கும் அந்தக் கணம். ஈரச் சட்டையில் சூடான இஸ்திரிப் பெட்டி படும்போது கிளம்பும் ஆவி. வெண்ணெயில் விழும் முதல் வெங்காயம். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. திரும்பப் படித்தபோது கை நின்றது. எழுதிய சந்தோஷம் ஒவ்வொன்றும் மூக்கு வழியாக வந்தது. ஒன்றுகூட இப்போது கைவசம் இல்லை.

அப்போதுதான் கதவு இடிபட்டது.

"மாஸ்டர்! கேஸ் கசியுது! பேனாவும் கையுமா நிக்கிறீங்களே, கீழ எறங்குங்க!" இரண்டாம் மாடி டீச்சர், புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

தெருவில் குடியிருப்பே கூடியிருந்தது. ஒரு வீட்டுக் குளியலறையில் தொடங்கிய நாற்றம் எல்லா வீட்டுக்கும் பரவிவிட்டதாம். கேஸ் கம்பெனி ஆள் வர அரை மணி நேரமாகும் என்றார்கள். மாஸ்டருக்குச் சட்டென்று விளங்கியது. ஐயோ, பழம்! பழுத்த டுரியான் கேஸ் கசிந்த மாதிரிதான் நாறும்.

"கம்பெனிக்காரன் எதுக்கு? நம்ம மாஸ்டர் இருக்காரே" என்றார் நாலாம் மாடிக்காரர். "அண்ணே, ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துச் சொல்லுங்க. கேஸா, வேற கருமமா?"

"ஆமா மாஸ்டர். நீங்க ஒண்ணுமில்லைன்னா நாங்க மேல போயிடுவோம். எனக்கு அடுப்புல பாதி வேலை கெடக்கு" என்றார் டீச்சர்.

இருபது பேரும் அந்த மூக்கையே பார்த்தார்கள். 'வெறும் பழம்' என்று சொன்னால் கதை முடிந்தது. மானமும் போகாது, வேலையும் போகாது. வாயைத் திறந்தார். காலையில் காபி போட்டோமே, அடுப்பை மூடினோமா? நினைவில்லை. அடுப்புத் திருகு வேறு கொஞ்ச நாளாக லொடலொடவென்று ஆடுகிறது. இத்தனை வருஷம் அதையெல்லாம் கவனித்துக்கொண்டது மூக்குதான். தனியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டியே இருந்ததில்லை. பழமும் நாறி, கேஸும் கசிந்தால்? டீச்சர் போய்த் தீக்குச்சியைக் கிழித்தால்?

தெருமுனையில் மனைவி பையோடு வருவது தெரிந்தது.

"யாரும் மேல போகாதீங்க. எனக்குத் தெரியல."

"என்னண்ணே தெரியல?"

"வாசனையே தெரியல. ரெண்டு மாசமா மூக்கு வேலை செய்யல."

நாலாம் மாடிக்காரர் சிரிக்க ஆரம்பித்து, மாஸ்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்ற மனைவி பையைத் தரையில் வைத்தாள்.

கம்பெனி ஆள் வந்தார். கருவியோடு வீடு வீடாகப் போனார். எந்த வீட்டிலும் கசிவு இல்லை. மாஸ்டர் வீட்டு அடுப்பும் ஒழுங்காகத்தான் மூடியிருந்தது. "மூணாவது மாடி ஜன்னல்ல ஒரு முள்ளுப் பழம் இருக்கே, அதாங்க உங்க கேஸ்" என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டே போனார். தெருவே கொல்லென்று சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய நாத்தனார் ஓட்டலின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். போனோடு அவர் ஓரமாக ஒதுங்குவதை மாஸ்டர் பார்த்துவிட்டார்.

இரண்டிரண்டு படியாக ஏறி முதலாளியம்மாவைப் போனில் அழைத்தார். லைன் பிஸி. மறுபடி அழைத்தார். பிஸி. மூன்றாம் தடவை எடுத்தார்கள்.

"இப்பதான் கேள்விப்பட்டேன் மாஸ்டர்."

"நானே சொல்லணும்னுதாம்மா..."

"ரெண்டு மாசமா சொல்லலையே. இதுவரைக்கும் யார் ருசி பார்த்தது?"

சொன்னார். உதவிச் சமையல்காரிக்கே தெரியாது என்பதையும் சொன்னார்.

"பழத்துக்கு வாசனை வந்துடுச்சா?"

"நாலு மாடிக்கும் வந்துடுச்சும்மா. எனக்கு மட்டும் வரல."

முதலாளியம்மா சிரித்தாரா, செருமினாரா என்று புரியவில்லை. "வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணுதான் ருசி பார்க்கணும், எல்லாருக்கும் தெரிஞ்சே. அதுக்கப்புறம் உங்களுக்கு என்ன இடம்னு நான் யோசிக்கணும்." போன் வைக்கப்பட்டது.

வேலை போய்விட்டதா இருக்கிறதா என்று தெரியாமல் திரும்பினார். மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"போன மாசம் நான் பாலை அடிப்பிடிக்க விட்டேன். வீடே தீய்ஞ்ச நாத்தம். நீங்க 'பிரமாதம்'னு ரெண்டு டம்ளர் குடிச்சீங்க."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"இருபது வருஷத்துல மொத தடவையா மனுஷன் குத்தம் சொல்லாம குடிக்கிறாரேன்னு எங்க அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அன்னைக்கெல்லாம் எனக்கு அவ்ளோ சந்தோஷம்."

டுரியானின் நாற்றம் அறையை நிறைத்திருக்க வேண்டும். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. அதற்குக் காரணம் பழம்தானா என்பதைக்கூட அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"அன்னைக்குப் பால்ல சூடு சரியா இருந்துச்சு" என்றார் கடைசியில்.

"இதுவும் பொய்யா?"

"இல்ல. சூடு எனக்குத் தெரியும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இனிமே தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பால் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள்.