டைமருக்கு இரண்டாவது கண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் டிவி ரிமோட் கெட்டதால் வந்த கதை இது. மெக்கானிக் அதைப் பிரித்துப் போட்டபடி தன் தங்கச்சியைப் பற்றிப் பேசினார். ரிமோட் இன்னும் சரியாகவில்லை. கதையை மட்டும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

2

முதல் வரி: ‘அவள் மின்னலைப் போல...’

அடித்துவிட்டேன். ஓடுகிற பெண் என்றாலே எல்லாருக்கும் மின்னல்தான் கைக்கு வருகிறது. மறுபடி ஆரம்பிக்கிறேன்.

தங்கச்சிக்குத் துணிக்கடையில் வேலை. காலையில் நூறு மீட்டர் ஓட்டம். சனிக்கிழமை தேர்வு. பன்னிரண்டரை விநாடிக்குள் ஓடினால் அணியில் இடம். வயசு வரம்புப்படி இதுதான் கடைசித் தடவை.

நேரம் அளக்கும் கருவியோ யானை விலை, குதிரை விலை. மெக்கானிக் அண்ணனே ஒன்று செய்துவிட்டார். ‘பீப்’ ஒலித்ததும் கடிகாரம் ஓடும். கோட்டின் ஒரு பக்கம் பழைய ரிமோட்டின் விளக்கு, எதிரே அந்த ஒளியை வாங்கும் கண். நடுவில் ஆள் புகுந்தால் கடிகாரம் நின்றுவிடும். (எல்லாம் ஒரு டிபன் டப்பாவுக்குள். மூடியில் அவள் பள்ளிக்கூடத்துப் பெயர்ச்சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது.)

நாலு மாசமாக அது 12.46, 12.47 என்றே காட்டியது.

“மெஷினே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன?” என்று அவள் தெம்பாகத் திரிந்தாள்.

3

திங்கட்கிழமை, ஃபோனில் எடுத்த வீடியோவை அண்ணன் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். நிறுத்தி, மறுபடியும் ஓட்டினார். கண்ணை இடுப்புயரத்தில் வைத்திருந்தார். ஒளியை முதலில் மறித்தது அவள் நெஞ்சு அல்ல, முன்னால் வீசிய கை. பந்தயத்தில் கணக்கு நெஞ்சுக்குத்தான். விலை கூடின கருவியில் மேலும் கீழுமாக இரண்டு கண்கள். இரண்டும் சேர்ந்து மறைந்தால்தான் கடிகாரம் நிற்கும். இவர் ஒன்று போதும் என்று சிக்கனம் பிடித்திருந்தார்.

(நான் எழுதிய முதல் பிரதியில் அண்ணன் இதை உடனே சொல்லிவிடுகிறார். அவளும், “அப்போ நாலு மாசமா என் கைதான் ஜெயிச்சுதா?” என்று சிரிக்கிறாள். வசனம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சிரித்தது நான். அவளுக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்? அதையும் அடித்துவிட்டேன்.)

4

செவ்வாய் காலை, மைதானத்தில் இரண்டாவது கண்ணை மாட்டினார்.

“என்னண்ணா நோண்டுற?”

“ஒயர் லூஸா இருக்கு. நீ போய் நில்லு.”

ஓடினாள். நன்றாகவே ஓடினாள்.

12.51.

அண்ணன் சட்டென்று உள்ளங்கையால் எண்ணை மறைத்தார்.

5

உண்மையைச் சொன்னால் மீதி நாட்களில் பாடுபட்டு அந்தத் துளி நேரத்தைக் குறைக்கலாம். அல்லது மனசு விட்டுப்போய்ச் சனிக்கிழமை வரை கால் கனக்கலாம். பழைய எண்ணையே சொன்னால், இதே தெம்பில் போய் நிஜமாகவே ஜெயிக்கலாம். அல்லது தோற்று, பலகையில் நேரத்தைப் பார்த்து, அண்ணன் பக்கம் திரும்பி...

அந்தப் பார்வையை எழுத எனக்குத் தைரியமில்லை. அவர் மேல் கோபமும் வரமாட்டேன் என்கிறது. ஆசையாகச் செய்து கொடுத்தவர், பாவம்.

இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கியபடி அவள் திரும்பி வருகிறாள். முகத்தில் துளிச் சந்தேகமில்லை.

“எவ்வளவுண்ணா?”

நான் பேனாவை மூடிவிட்டேன். டப்பா இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.