பச்சை வாளியில் போன மூக்குத்தி

புளியங்கரை பேரூராட்சியில் சந்தனமேரியின் வாய்க்குத் தப்பிய வீடு கிடையாது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கும் அந்த ஊரில், குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி வீடு வீடாகப் போவதுதான் அவள் வேலை. மக்குவது பச்சை வாளி, மக்காதது நீல வாளி. ஒன்றரை வருஷமாக இதே பாட்டு. கலந்து போட்டால் வாளியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கலெக்டரே வந்து நீட்டினாலும் திருப்பித்தான் கொடுப்பாள், அப்படியொரு பிடிவாதம்.

பெருமாள் கோயில் தெரு பங்கஜவல்லியோடுதான் பெரிய மல்லுக்கட்டு. அவள் வாளி மூன்று தடவை திரும்பியது.

"நீ கொண்டுபோயி எல்லாத்தையும் ஒண்ணாத்தானட்டி கொட்டப்போற?" என்று ஏசினாள் பங்கஜவல்லி.

"மாதா மேல சத்தியமா இல்லக்கா. வளம் மீட்புப் பூங்காவுல தொட்டி தொட்டியாப் போட்டு உரமாக்குதோம்."

அந்தச் சத்தியத்துக்கு அப்புறம் பங்கஜவல்லி பிரித்துப் போடத் தொடங்கினாள். தேங்காய் நாரைக்கூடத் தனியாக எடுத்து வைத்தாள்.

சந்தனமேரி பொய் சொல்லவில்லை. பூங்காவின் திறப்பு விழாவில் முதல் வாளியைக் கொட்டியதே அவள்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. மேற்பார்வையாளர் கௌதம்ராஜ்தான் வாராவாரம் வாட்ஸப்பில் போட்டோ அனுப்புவானே. வேலை வாங்கிக் கொடுத்தவன், கூடப் பிறந்த தம்பிபோல. அவனைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

போன வெள்ளிக்கிழமை பங்கஜவல்லி வெறும் மூக்கோடு ஓடிவந்தாள்.

"ஏட்டி மேரி, முருங்கக்கா நறுக்கிட்டிருந்தேன். திருகாணி மட்டும் அரிவாமணைக்கிட்டக் கெடக்கு, மூக்குத்தியக் காணல. தோலோட சேந்து வாளிக்குப் போயிருச்சு. வண்டியும் போயிருச்சுட்டி!" அவள் அம்மா கழற்றிக் கொடுத்த ஒற்றைக்கல் மூக்குத்தி அது.

சந்தனமேரி சிரித்தாள். "இதுக்கா அழுவுதிய? பச்ச வாளியிலதான போச்சு? நம்ம தெருவுக்குத் தனித் தொட்டி இருக்கு. வாங்க, செத்த நேரத்துல எடுத்துரலாம்." பிரித்துப் போட்டதன் பலனை இவளிடம் இன்றைக்குக் காட்டிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட.

ஆட்டோ பிடித்துப் போனார்கள். பூங்காவின் கேட்டில் பச்சை பெயின்ட், அதில் சிரிக்கிற பூமி உருண்டை. உள்ளே பதினான்கு தொட்டிகளும் எலும்பாகக் காய்ந்து கிடந்தன. ஒன்றில் ஆடு குட்டி போட்டிருந்தது. அரைக்கிற இயந்திரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பின்பக்கம் கண்மாய்க் கரையில் பேட்டரி வண்டி நின்றது. பச்சைப் பெட்டி, நீலப் பெட்டி இரண்டையும் டிரைவர் ஒரே குவியலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஓரமாகப் புகைந்துகொண்டிருந்தது.

பங்கஜவல்லி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சந்தனமேரி குவியலுக்குள் இறங்கினாள். பிள்ளைகளின் டயப்பர், உடைந்த பாட்டில், அழுகிய சோறு. வெயில் உச்சிக்கு ஏறும்வரை வெறுங்கையால் கிளறினாள். மூக்குத்தி கிடைக்கவில்லை. கௌதம்ராஜ்தான் வந்து சேர்ந்தான்.

"மேலே வாங்கக்கா. மிசின் ரெண்டாம் மாசமே படுத்துருச்சு."

"அப்ப போட்டோ?"

"தொறப்பு விழாவுல எடுத்ததுதான். கொஞ்சங் கொஞ்சமா அனுப்புனேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா தம்பி?"

"தெரிஞ்சா நீங்க அம்புட்டு உறுதியாச் சொல்ல மாட்டியளே. உங்க மொகத்துக்காகத்தான் ஊரே பிரிச்சுப் போடுது. இந்த வருசம் சுத்தமான பேரூராட்சி விருது நமக்குத்தான்க்கா."

பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு அவன் சொன்னான். ஊரை ஏமாற்ற அவளுடைய உண்மையையே எடுத்துக்கொண்டானே, பாவி!

மறுநாள் காலை பங்கஜவல்லியின் வாசலில் பச்சை வாளியைக் காணவில்லை. நீல வாளியில் எல்லாம் கலந்து கிடந்தது.

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

பங்கஜவல்லி வாளியை நீட்டினாள். "அன்னைக்கும் இப்படித்தானட்டி சத்தியம் பண்ணுன."

அந்த வாளியைத் திருப்பிக் கொடுக்கச் சந்தனமேரிக்குக் கை வரவில்லை. வாங்கிக்கொண்டாள்.