ஏழாம் கேள்விக்கு எடெல்மிரா எழுதிய பதில்

1

தடார், தடார் என்று யாரோ என் கதவை உதைத்தார்கள். இந்தக் கதை பிறந்தது அப்போதுதான்.

தட்டினார்கள் என்று நாகரிகமாக எழுதலாம். ஆனால் வந்தவள் எடெல்மிரா. இரண்டு கைகளிலும் இரண்டு குழந்தைகள், வாயில் ஒரு நீள உறை. உதைக்க ஒரு கால் மட்டும்தான் மிச்சம்.

கதவைத் திறந்ததும் உறையை என் மேசைமேல் துப்பினாள்.

"அக்கா, வாராவாரம் பத்திரிகையில ஊரையே அழவைக்கிறீங்களே, இதுல ஒரு முந்நூறு வார்த்தைக்கு அழவச்சுக் குடுங்க."

உள்ளே ஒரு விண்ணப்பப் படிவம். குழந்தைகள் காப்பகம் நடத்தும் பெண்களுக்கு ஓர் அறக்கட்டளை தரும் நிதிக்கானது. ஏழாவது கேள்வி: 'உங்கள் கதையை உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்.'

சொந்த வார்த்தைகளைப் பக்கத்து வீட்டில் இரவல் கேட்டு வந்திருந்தாள்.

ஆகவே வாசகரே, நீங்கள் இப்போது படிப்பது தொடக்கத்தில் கதையே அல்ல. ஒரு விண்ணப்பத்தில் அடங்காமல் வழிந்தது.

2

எடெல்மிராவுக்கு என்ன அவசரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். (தொடர்கதையாக இருந்தால் மூன்று வாரம் இழுத்திருப்பேன்.)

லிமாவின் தெற்கு ஓரத்தில், எங்கள் மலையின் மஞ்சள் படிக்கட்டில், இருநூற்றுப் பன்னிரண்டாம் படியில் அவள் வீடு. முன்னறையில் பதினொரு குழந்தைகள். அவர்களின் அம்மாக்கள் விடியுமுன் இறங்கி, சந்தையில் காய் விற்கவும், கீழே பெரிய வீடுகளில் தரை துடைக்கவும் போகிறவர்கள். டிசம்பருக்குள் இன்னொரு வாசலும் ஒரு குட்டிக் கழிவறையும் கட்டாவிட்டால் காப்பகத்தை மூடவேண்டும் என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருந்தது. அப்போது செப்டம்பர்.

அவள் ஏறாத படி இல்லை. வங்கியில் வீட்டுப் பட்டா கேட்டார்கள். எங்கள் மலையில் பட்டா இருப்பது கல்லறைகளுக்கு மட்டும்தான். சிறுகடன் கொடுக்கும் இடத்தில் வட்டியைச் சொன்னார்கள். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஓர் அரசுத் திட்டத்தில் காப்பகத்துக்கு இணையதளம் இருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

"இணையதளமா? எங்களுக்குத் தண்ணியே செவ்வாயும் வெள்ளியும்தாங்க வருது" என்றிருக்கிறாள்.

மிச்சம் இருந்தது இந்த உறை.

3

முதல் தொடக்கம்:

கணவனைப் பறிகொடுத்த எடெல்மிரா, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மற்றவர் பிள்ளைகளைத் தன் மார்போடு—

"யக்கா! எம் புருஷன எதுக்குக் கொன்னீங்க? தியோபிலோ நேத்துதானே ஒங்க வீட்டுக் குழாயச் சரி பண்ணிக் குடுத்தான்!"

"ஒரு உருக்கத்துக்காக."

"குழாய்க்குக் காசும் குடுக்கல, ஆளையும் முடிச்சிட்டீங்க."

இரண்டாம் தொடக்கம்:

மேகங்கள் உரசும் மலையுச்சியில் ஒரு தேவதை வாழ்கிறாள். அவள் சிறகுகளின் நிழலில்—

"தேவதைக்கு எதுக்குக்கா கக்கூஸ் கட்டக் காசு?"

நியாயமான கேள்வி. என் பதினேழு வருட எழுத்து வாழ்க்கையில் எந்த ஆசிரியரும் என்னிடம் இவ்வளவு கறாராகப் பேசியதில்லை.

மூன்றாம் தொடக்கம்:

ஒரு நாட்டின் எதிர்காலம் தொட்டில்களில்தான்—

(இதை நானே அடித்துவிட்டேன்.)

சிக்கல் எழுத்தில் இல்லை, பாத்திரத்தில் இருந்தது. எடெல்மிராவுக்குப் பெரிய துயரம் இல்லை, பெரிய வசனமும் இல்லை. கவனித்துப் பார்த்ததில் ஒரே ஒரு விஷயம் தட்டுப்பட்டது. புதிதாக ஒரு தாய் பிள்ளையோடு வந்தால் எடெல்மிரா தாயின் பெயரைக் கேட்பதில்லை, கட்டணம் பேசுவதில்லை. பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு முதலில் கேட்பது, 'இவன எங்க தட்டினா தூக்கம் வரும், முதுகுலயா, பின்பக்கத்துலயா?' தாய்மார்கள் பாதிப் பேர் அங்கேயே அழுதுவிடுவார்கள். அதுவரை யாரும் அவர்களிடம் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

அதை நான் எழுதவில்லை. நிதி கொடுப்பவர்களுக்குப் போதாத சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன். கடைசியில் 'சமூகப் பங்களிப்பு' என்ற சொல் நான்கு முறை வருகிற மாதிரி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அவள் அதைப் படித்துவிட்டு, "அழகா இருக்குக்கா. யாரைப் பத்தி?" என்றாள்.

4

பதினோராம் கேள்விதான் வினை. கேட்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை விண்ணப்பிப்பவரே போடவேண்டும். அதாவது எங்கள் ஊர்ப் பணத்தில் நாலாயிரம் சோல்.

இதற்கு எங்கள் மலையில் யாரும் யோசிப்பதில்லை. பொயாதா நடத்துவோம். கூரை பறந்தால், யாருக்காவது அறுவைச் சிகிச்சை என்றால், பிள்ளை படிக்கப் போனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவை மறித்துக் கோழி பொரிப்போம். வாரக்கணக்கில் முன்னாலேயே அட்டைகள் கைமாறும். கையில் அட்டை வந்துவிட்டால் அது உங்களுடையது. அன்றைக்கு வந்து சாப்பிடலாம், வராமலும் இருக்கலாம், இருபது சோல் கொடுத்தே ஆகவேண்டும். அட்டையைத் திருப்பிக் கொடுப்பது மட்டும் கிடையாது. திருப்பிக் கொடுத்தவரின் வீட்டுக் கோழியை அப்புறம் இந்தத் தெருவில் ஒருவரும் தொடமாட்டார்கள்.*

எடெல்மிரா ஆறு வருடமாக ஊரார் கோழியையெல்லாம் காசு கொடுத்துத் தின்றிருந்தாள். அந்த உரிமையில் நானூறு அட்டை அச்சடித்து, நானூறையும் தள்ளிவிட்டாள்.

அதில் இரண்டை விண்ணப்ப உறைக்குள் வைத்து ஒட்டி, அறக்கட்டளைக்கே அனுப்பிவிட்டாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணே?" என்று தலையில் கை வைத்தேன்.

"ஊருக்கெல்லாம் குடுத்துட்டு அவங்களுக்கு மட்டும் குடுக்கலன்னா என்னக்கா நெனப்பாங்க?"

* எனக்கு ஏழு அட்டை. ஒண்டிக்கட்டைக்கு எதற்கு ஏழு என்று கேட்டேன். "ஒங்க கதையில வர்றவங்களுக்கும் சேத்து" என்றாள்.

5

அறக்கட்டளையின் மதிப்பீட்டாளர் மெல்லிய மீசையை முறுக்கியபடி தொலைபேசியை எடுத்தார். அவர் கண்களில் ஒரு கொடூர—

"அது பொம்பளக்கா."

சரி. மதிப்பீட்டாளர் ஓர்மென்யோ என்ற பெண்மணி. குரலை வைத்து முப்பது வயது மதிக்கலாம். எடெல்மிரா ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"உங்க உறையில ரெண்டு அட்டை இருக்கு. என்ன இது?"

"பொரிச்ச கோழிங்க, மேடம்."

"அது தெரியுது. எனக்கு எதுக்கு?"

"ஞாயித்துக்கெழம பன்னெண்டு மணிலேருந்து. ஒண்ணு ஒங்களுக்கு, ஒண்ணு பக்கத்து சீட்டுக்காரங்களுக்கு."

"இதை லஞ்சமா எடுத்துக்கலாம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"லஞ்சமா? நாப்பது சோல் நீங்கதாங்க எனக்குத் தரணும்!"

மறுமுனையில் எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. "பேசறேன்" என்று அவசரமாக வைத்துவிட்டாள்.

எடெல்மிரா என் முகத்தைப் பார்த்தாள். "போச்சாக்கா?"

போச்சு என்றுதான் நினைத்தேன். "கதைன்னா இந்த இடத்துல ஒரு திருப்பம் வரும்" என்று மட்டும் சொன்னேன்.

6

ஞாயிறு. தெருவில் இரண்டு பெரிய வாணலி, பாட்டு, மிளகாய்ச் சாறு ஊறிய கோழி எண்ணெயில் விழும் சத்தம். பதினொரு பிள்ளைகளின் அம்மாக்களும் உருளைக்கிழங்கு உரித்தார்கள். நான் கொன்ற தியோபிலோ நன்றாகவே இருந்தான், கீரை கழுவிக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு ஓர்மென்யோ படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. சட்டையின் இடது தோளில் காய்ந்த பால் கறை. கையில் அந்த இரண்டு அட்டைகள்.

இந்த இடத்துக்கு என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. ஒன்று: அவள் கோழியைக் கடித்ததும் கண் கலங்கி, அங்கேயே கையெழுத்துப் போடுகிறாள். (என் ஆசிரியருக்குப் பிடிக்கும். கோழி அவ்வளவு நன்றாக இல்லை.) இரண்டு: விதி விதிதான் என்று கோப்பை மூடிவிட்டு இறங்குகிறாள், மேலே மூடுபனி, பின்னணியில்—

நடந்தது இரண்டும் இல்லை.

ஓர்மென்யோ அட்டைகளை மேசைமேல் வைத்தாள். "இதை நான் வச்சுக்க முடியாது. திருப்பிக் குடுத்தாத்தான் உங்க கோப்பு என்கிட்ட இருக்கும்."

பக்கத்தில் உருளைக்கிழங்கு உரித்த கைகள் நின்றன. எங்கள் தெருவில் அட்டை திரும்பி வந்து நான் பார்த்ததே இல்லை. எடெல்மிரா மட்டும் அட்டைகளை எடுத்துச் சமையல் மேலங்கியின் பைக்குள் போட்டுக்கொண்டாள். "பரவால்ல மேடம். கோப்புதான முக்கியம்."

ஓர்மென்யோ போகவில்லை.

"ஏழாம் கேள்விக்கு நீங்க எழுதினத படிச்சேன்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஒரு பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக நிமிர்ந்தேன்.

"ஒரு தாள் முழுக்கக் கோடு போட்டு அடிச்சிருந்தது. கீழ கைப்பட ரெண்டே வரி. 'எங்க தட்டினா தூங்கும்னு மொதல்ல கேட்டுக்குவேன். மத்ததெல்லாம் பிள்ளையே சொல்லிடும்.'"

எடெல்மிரா என் பக்கம் திரும்பாமல் முணுமுணுத்தாள். "கோச்சுக்காதீங்கக்கா. அந்த சமூகத்த என்னால நாலு தடவ உச்சரிக்க முடியல."

ஓர்மென்யோ சிரிக்கவில்லை. தாழ்ந்த குரலில், படபடவென்று சொன்னாள்.

"எனக்கு ஒரு பையன். ஒம்பது மாசம். பாத்துக்கிட்ட பொண்ணு நின்னுட்டா. நாலு எடத்துல கேட்டேன், எல்லாரும் எவ்வளவு தருவீங்கன்னுதான் ஆரம்பிச்சாங்க. உங்ககிட்ட பன்னெண்டு பேருக்கு எடம்னு போட்டிருந்தது, பதினொண்ணுதான் இருக்கு. ஆனா ஒண்ண சொல்லிடறேன். அவன இங்க சேத்தா நான் உங்க கோப்பைத் தொடக்கூடாது. வேற ஆளுக்குப் போகும். அவங்க மார்ச்சுலதான் எடுப்பாங்க. நீங்க முடியாதுன்னு சொன்னா நான் எதுவும் நெனக்கமாட்டேன். நாளைக்கே கோப்ப முடிச்சு, காசுக்கு அனுப்பிடறேன்."

மார்ச். நகராட்சி கொடுத்த கெடு டிசம்பர். பதினொரு அம்மாக்கள் அங்கேயே நின்றார்கள், கையில் கத்தியும் கிழங்குமாக.

வாசகரே, இங்கே நான் பேனாவை மூடிவிடுகிறேன். அந்த இரண்டாம் வாசல் எழும்பியதா, யார் காசில், எந்த மாதத்தில் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கணக்கு என்னைவிட நன்றாக வரும். இன்னொரு பொயாதா போதுமா, மூன்று வேண்டுமா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். எனக்குக் கிடைத்தது எடெல்மிரா அடுத்துச் சொன்னது மட்டும்தான். அதுவும் என் வார்த்தை இல்லை.

எடெல்மிரா பதினொரு அம்மாக்களையும் ஒருமுறை பார்த்தாள். கையை மேலங்கியில் துடைத்தாள்.

"அவன எங்க தட்டணும் மேடம், முதுகுலயா, பின்பக்கத்துலயா?"