ஆம்பளை நம்பர்

தங்கையின் கன்னத்தில் அறை விழுந்த சத்தம் போனுக்குள் இருந்தவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவன், "வீட்ல லேடீஸைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க சார். கடன் தள்ளுபடி ஆபீசர் லைன்ல இருக்கார்," என்றான்.

'சார்' என்றதும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறையில் அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

தங்கை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள். படித்தவள் அவள், படிப்புக் கடன் அவள் பேரில், அதைக் கட்டுவதும் அவள் சம்பளம். பாங்க்கில் பதிந்திருப்பது மட்டும் அண்ணனின் போன் நம்பர். கல்யாணமாகாத பெண்ணின் நம்பர் கண்டவன் கைக்குப் போகக்கூடாதாம். அப்பா போட்ட சட்டம். அப்பா போய்ச் சேர்ந்தார், சட்டம் போகவில்லை.

"அண்ணா, கடனைத் தள்ளுபடி பண்றவன் எதுக்கு ஓடிபி கேக்கறான்? நம்மளை யோசிக்க விடாம அவசரப்படுத்தறான் பாரு. கட் பண்ணு. பாங்க்குக்கு நாமளே போன் பண்ணிக் கேப்போம்."

"நாலு எழுத்து படிச்ச திமிரா? ஆம்பளை பேசும்போது நடுவுல வாயைத் திறக்கறே?"

வயிற்றில் ஓர் உதை. சற்றுமுன் யூனிபார்ம் தேய்த்துக்கொண்டிருந்த மேசையில் போய் மோதினாள். அதன் மேல்தான் போன் ஸ்பீக்கரில் கத்திக்கொண்டு கிடந்தது. "சீக்கிரம் சார், இன்னிக்கோட திட்டம் முடியுது. மெசேஜ்ல வந்த நம்பரைச் சொல்லுங்க."

அண்ணன் போன்மேல் குனிந்தான். "நாலு... ஏழு..."

இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, ஓங்கிப் போன்மேல் போட்டாள். கண்ணாடி நொறுங்கியது. குரல் செத்தது.

அடுத்து நடந்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். தலைமுடியைப் பிடித்து இழுத்து, அவள் முகத்தை மேசை விளிம்பில் மோதினான். உதடு கிழிந்து ரத்தம் யூனிபார்மில் வழிந்தது. அம்மா ஓடி வந்தாள். மகளைத் தூக்க இல்லை, ஜன்னலைச் சாத்த.

"மெதுவாடா, பக்கத்து வீட்ல கேக்கும்."

மறுநாள் அவள் வேலை பார்க்கும் அறையிலேயே அவளுக்குத் தையல் போட்டார்கள். வழுக்கி விழுந்தேன் என்றாள். யாரும் நம்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அந்த வாரமே பட்டறை மேஸ்திரிக்கு அதே குரல், அதே 'சார்'. மகனின் படிப்புக் கடன் தள்ளுபடியாகும் என்று நம்பி ஓடிபியைச் சொன்னார். கணக்கைத் துடைத்துவிட்டான். தெருமுனையில் கூட்டம் கூடி அங்கலாய்த்தது. வேலைக்குக் கிளம்பிய தங்கையின் காதில் அண்ணன் குரல் விழுந்தது.

"என்கிட்டயும்தான் வந்தான். நான் விடுவேனா? போனையே உடைச்சுட்டேன்ல!"

"ஆம்பளைன்னா இவன்ல ஆம்பளை!" என்று தட்டிக்கொடுத்தார்கள். அடப்பாவிகளா!

அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் தெருவைத் தாண்டி, நேரே பாங்க்குக்குப் போனாள்.

"கணக்குல இருக்கற நம்பரை எடுத்துட்டு என் நம்பரைப் போடணும்."

கவுன்ட்டர்க்காரர் நல்ல மனுஷர்தான். "அண்ணன் நம்பரே இருக்கட்டும்மா. இப்ப ஊரெல்லாம் போன்ல ஏமாத்தறாங்க. ஆம்பளை நம்பர்னா ஒரு பாதுகாப்பு."

அவள் வாயை மூடியிருந்த முகக்கவசத்தைக் கழற்றினாள். தையல் போட்ட உதடு வீங்கிக் கறுத்திருந்தது.

"அந்தப் பாதுகாப்புதான் சார் இது. என் நம்பரை எழுதிக்கோங்க."