எழுத்து சரியாத்தான் இருக்கு

பேட்ஜ் அடிக்கிறவன் முகத்தைப் பார்க்க மாட்டான். ஓரத்தைத்தான் பார்ப்பான். வட்டமாக வெட்டிய படத்தைத் தகட்டின் மேல் வைத்து, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாளை வைத்துக் கைப்பிடியை அழுத்தினால், படத்தின் ஓரம் பின்பக்கமாக மடிந்துவிடும். மடிப்பு ஒரு பக்கம் கூடிப்போனால் பேட்ஜ் கோணல். அதனால் கண் எப்போதும் ஓரத்திலேயே இருக்கும். நானூறு பேட்ஜையும் நான் அப்படித்தான் அடித்து முடித்தேன்.

ஆர்டர் கொடுத்தது மொட்டை. தலையை ஒட்டச் சிரைத்துக்கொண்டு வரும் பெண். கடைக்கார அக்காதான் அந்தப் பெயரை வைத்தார். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை, போனில் பேசினாலே "நான் மொட்டை பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். வருஷா வருஷம் வானவில் கொடியோடு போகும் பிரைடு ஊர்வலத்துக்கு எங்களிடம்தான் பேட்ஜ் வாங்குவாள்.

அவள் வந்த அன்று அக்கா கடையில் இல்லை. கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தார். அக்காவுக்கு எழுபது வயது. "அம்மான்னு கூப்பிட்டா அன்னைக்கு உனக்கு டீ கிடையாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் அக்கா.

மொட்டை ஒரு பழைய படத்தை மேசையில் வைத்தாள். கோட்டு போட்டு, மை மீசை வரைந்த நாலு பேர், ஒருவர் மட்டும் நடுவில் ஓர் அடி முன்னால்.

"இவங்க நாலு பேரும் பொம்பளைங்க. அம்பது வருஷம் முன்னாடி, இதே ஊர்ல, ஒரு ஓட்டல் நிலவறையில ஆம்பளை வேஷம் போட்டுப் பாடுவாங்க. பாக்க வர்றதும் இந்த ஊர்வலத்துக்கு வர்ற மாதிரி ஆளுங்கதான்" என்றாள்.

"போலீஸ் விட்டுச்சா?"

"அங்கதான் கூத்தே. ஏமாத்தறதுக்காக ஆம்பளை உடையைப் பொம்பளை மாத்திப் போட்டா ஜெயில்னு அப்ப இந்த ஊர்ல ஒரு சட்டம். ஓட்டல்காரன் என்ன பண்ணான் தெரியுமா? நாலு பேர் கோட்டுலயும் 'நான் பெண்'னு பேட்ஜ் குத்திவிட்டான். எழுதி ஒட்டியாச்சுல்ல, அப்புறம் எங்க ஏமாத்து? போலீஸ்காரன் டார்ச் அடிச்சுப் படிச்சுப் பாத்துட்டு, தலையில அடிச்சுக்கிட்டுப் போவானாம்."

நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்கிறீங்கல்ல? ஊர்வலத்துல எல்லாரும் சிரிக்கணும். நடுவுல நிக்கிறவங்க மட்டும் போதும். நெஞ்சுல இருக்கிற பேட்ஜ் நல்லாத் தெரியணும். சுத்தி, 'நம்பாவிட்டால் போலீஸைக் கேளுங்கள்'னு போடுங்க."

மூன்றாம் நாள் மதியம் வேலை முடிந்தது. எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஆர்டரானாலும் முதல் பேட்ஜ் வாடிக்கையாளருக்குப் போகாது. சுவரில் இருக்கும் துணிப் பலகைக்குப் போகும், எப்போதும் அக்காதான் குத்துவார். அக்காவின் அப்பா காலத்திலிருந்து வந்த பழக்கம். பலகை முழுக்க நிரம்பிக் கிடந்தது. மேல் வரிசையில் மட்டும் ஓர் இடம் காலி. அதற்கு நேர் மேலே அக்காவின் வீட்டுக்காரர் படம். ஆறு வருஷம் முன்பு போய்விட்டவர். நான் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் காலையில் கடை திறந்ததும் "வணக்கம் மாமா" என்பேன். இந்த ஊரில் நான் தினமும் வணக்கம் சொல்ல வேறு ஆள் இல்லை.

காலி இடத்தில் பேட்ஜைக் குத்தினேன். கோணலாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டடி பின்னால் வந்தேன்.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன்.

இடது புருவத்தை நடுவில் வெட்டிக்கொண்டு போகும் தழும்பு. மேலே கண்ணாடிக்குள் வழுக்கைத் தலையோடு இருந்தவருக்கும் அதே தழும்பு. அதே மாதிரி ஒரு பக்கம் மட்டும் ஏறிய உதடு. மை மீசையை விரலால் மறைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. தினமும் வணக்கம் சொன்ன முகத்தை நானூறு தடவை அழுத்தியிருக்கிறேன், ஒரு தடவைகூடத் தெரியவில்லை.

மாமா பெண்ணா?

கதவு மணி அடித்தது. கறுப்புக் கண்ணாடியோடு அக்கா வந்தார்.

"டேய், கண்ணு பளிச்சுன்னு தெரியுதுடா. உன் மூஞ்சியில இவ்ளோ பரு இருக்கா? இத்தனை நாள் அழகன்னுல்ல நினைச்சிருந்தேன்."

"அக்கா, உக்காருங்க. டீ போடறேன்" என்று பலகைக்கு முன்னால் நின்றேன்.

"நீயா டீ போடறே? என்னத்த உடைச்சே?"

"ஒண்ணும் இல்லக்கா."

"நகரு."

நகர்ந்தேன். அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பேட்ஜையும் படத்தையும் மாறி மாறிப் பார்க்கவில்லை. பேட்ஜை மட்டும் பார்த்தார். பிறகு மெதுவாகத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"எத்தனை அடிச்சே?"

"நானூறுக்கா. நாளைக்கு ஊர்வலம். மொட்டை நாலு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்னா."

"நானூறு பேரு நெஞ்சுல." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "செத்தும் விடமாட்டீங்களா அவரை? திரும்பவும் அதைக் குத்திவிடுறீங்களே!"

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா."

"உனக்கு எப்படித் தெரியும்? என் கூடப்பிறந்த தங்கச்சிக்கே தெரியாது. எங்க அப்பா கேக்கவே இல்ல, மாப்பிள்ளைன்னா மாப்பிள்ளைன்னுட்டாரு. ஆஸ்பத்திரியில கடைசியா ஒரு நர்ஸுக்குத் தெரிஞ்சுது. போர்வையை இழுத்து மூடிட்டு, வாயைத் திறக்காம போனா புண்ணியவதி."

நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அவரு கோட்டுல இருந்த அந்த பேட்ஜை யாரு அடிச்சாங்க தெரியுமா?" என்றார். "நான்தான். இதே மெஷின்ல. எனக்கு இருபது வயசு. ஓட்டல்காரன் எழுதிக் கொடுத்தான், அடிச்சு வெச்சேன். வாங்கிட்டுப் போக அவரு வந்தாரு. ஒண்ணைக் கையில எடுத்தாரு. எழுத்து சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கன்னேன். எல்லார்கிட்டயும் கேக்கற மாதிரிதான் கேட்டேன். அவரு ரொம்ப நேரம் பாத்தாரு. 'எழுத்து சரியாத்தான் இருக்கு'ன்னாரு. அப்ப அந்த மூஞ்சி போன போக்கைப் பாத்து, நான் என்னையறியாம, 'அப்ப விஷயம்தான் தப்பா?'ன்னு கேட்டுட்டேன்."

அக்கா பலகையைக் காட்டினார்.

"அந்த ஆர்டரோட முதல் பேட்ஜ் அங்கதான் இருந்துது. கல்யாணத்தன்னைக்கு நானே எடுத்து அடுப்புல போட்டேன். அந்த இடத்துல வேற எதையும் குத்தவிட்டதில்ல. நீ கரெக்டா அங்கயே குத்தியிருக்கே பாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பேட்ஜைப் பிடுங்கப் போனேன்.

"இரு. மொட்டை வரட்டும்."

"அவகிட்ட சொல்லப்போறீங்களா? மெஷின் ரிப்பேர்னு சொல்லிடலாம்கா. படம் அழிஞ்சுபோச்சுன்னு நான் சொல்றேன். திட்டு வாங்கறது எனக்குப் பழக்கம்தானே."

"நீ அழிச்சா அவ வேற கடைக்குப் போவா. அவன் அடிப்பான். சொல்லாம இருந்தா அவரு பொம்பளைன்னு ஊர் முழுக்கப் போவுது. சொன்னா நான் மறைச்சதெல்லாம் போவுது. எதுடா பெருசு?"

அக்கா என்னிடம் கேட்கவில்லை, மேலே இருந்த படத்தைப் பார்த்துக் கேட்டார்.

மணி நாலு ஆவதற்குள் மொட்டை வந்துவிட்டாள். "ஆன்ட்டி! கண்ணு எப்படி? என் மண்டை மின்னுதா?" என்று உள்ளே வந்தவள், எங்கள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

அக்கா சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். "இவரு என் வீட்டுக்காரரு. நாப்பத்திமூணு வருஷம் குடும்பம் நடத்தினோம். கீழ இருக்கறதும் அவருதான்."

மொட்டை கிட்டப் போய்ப் பார்த்தாள். வாய் திறந்தபடியே இருந்தது.

"நடுவுல நிக்கறது யாருன்னு இந்தப் படம் கொடுத்த பெரியம்மாகிட்ட கேட்டேன் ஆன்ட்டி. அதுலயே ஓரத்துல நிக்கறவங்க, இன்னும் இருக்காங்க, நாளைக்கு வர்றாங்க. பேச்சை மாத்திட்டாங்க. ஏதோ பழைய சண்டைன்னு நினைச்சேன்."

"சண்டை இல்ல. அவரைக் காப்பாத்தியிருக்கா."

மொட்டை நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஐயோ, நான் அவரை வெச்சு ஜோக் பண்ணிட்டேனே. ஆனா ஆன்ட்டி, இது எவ்ளோ பெரிய விஷயம்! இதை ஊருக்குச் சொல்லணும்..."

"மத்த மூணு பேருக்கும் கோட்டுதான் வேஷம், பேட்ஜ் நிஜம். அவரு வீட்டுக்கு வந்தா பேட்ஜைத்தான் கழட்டுவாரு. கோட்டு அப்படியே இருக்கும். இதை நீ தெரிஞ்சுக்க, போதும். ஊருக்குச் சொல்றதா வேண்டாமான்னு அப்புறம் நான் பாத்துக்கறேன்."

மொட்டை தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னிடம், "ஓரத்துல நிக்கற பெரியம்மாவை வெச்சு வெட்ட முடியுமா? அவங்க அந்த பேட்ஜ் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. கேட்டுட்டே சொல்றேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. திரும்பி வந்து, "சரின்னுட்டாங்க. மூக்கை மட்டும் சின்னதாக்கச் சொன்னாங்க" என்றாள்.

அடித்த நானூறையும் என்ன செய்வது? பேட்ஜை ஒருமுறை அழுத்திவிட்டால் பிரிக்க முடியாது, நசுக்கத்தான் வேண்டும். நான் சுத்தியலை எடுத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கீழே வைத்துவிட்டேன். பெட்டியை அவரே தூக்கித் தன் மேசைக்கு அடியில் தள்ளினார்.

புதுப்படம் வெட்டுவதற்கு முன்னால் நான் ஒன்று செய்தேன். யாரும் சொல்லவில்லை. பழைய படத்தில் வட்டத்தை ஒரு விரல் மேலே தூக்கி, எழுத்தும் இல்லாமல் வெட்டினேன். தலை, சிரிப்பு, கோட்டின் காலர். நெஞ்சில் இருந்த பேட்ஜ் மடிப்பில் போயிற்று. அழுத்தி அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். தகடும் ஊசியும்தான்.

"உள்ள மடிஞ்சது பிரிஞ்சு வெளிய வருமா?"

"வராதுக்கா."

பலகையில் இருந்ததைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டார். அந்த இடம் மறுபடி காலி. நான் கொடுத்ததை அங்கே குத்துவார் என்று நினைத்தேன். தன் தோளுக்குக் கீழே குத்திக்கொண்டார்.

"நேரா இருக்கா பாரு."

நான் ஓரத்தைப் பார்க்கவில்லை.

"இருக்காருக்கா" என்றேன்.